ஃபிடில் கூப்பிட்டால் வழி விட வேண்டும்

கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டிருந்த அந்தத் தம்பி என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார். அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"ஐயா, இது மண்ணிசை மேடை. ஃபிடில், மாண்டலின் எல்லாம் வெஸ்டர்ன் ஆச்சே. கானாவுல அது செட் ஆகாதுங்கய்யா. நீங்க ஒரு பறை எடுத்துக்கோங்க" என்றார்.

எனக்குப் பறை அடிக்கத் தெரியாது தம்பி என்றேன்.

"அடிக்க வேணாங்கய்யா. தோள்ல மாட்டிக்கிட்டு நின்னா போதும். போட்டோவுக்கு நல்லா இருக்கும். கட்டம் போட்ட கைலி நாங்களே குடுத்துடறோம்."

எனக்கு வந்த கோபத்தில் வாய் குழறிவிட்டது. பறையைக் கையில் எடுக்க ஒருவன் எத்தனை காலம் தோள் வலிக்கப் பழகியிருப்பான்? அதை நான் சட்டை மாட்டுகிற மாதிரி மாட்டிக்கொண்டு பொம்மையாக நிற்க வேண்டுமாம். அது அவனுக்கும் அவமானம், எனக்கும் அவமானம். என் வாழ்நாளெல்லாம் நான் வாசித்த கருவி மட்டும் என் மண்ணில் இல்லாத கருவியாம். இதைச் சொல்ல அவர் எந்தச் சாவு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்? வியாசர்பாடியில் எந்தத் தெருவில் எந்தப் பக்கம் குழாய் இருக்கிறது என்றாவது அவருக்குத் தெரியுமா?

நான் வாசிப்பை நிறுத்திச் சில வருடங்கள் ஆகின்றன. இடது கை விரல் நுனிகள் மரத்துவிட்டன. ஒரே ஒரு பாட்டுக்கு வா என்று அந்த மேடைக்கு என்னை இழுத்துப்போனவள் கலைச்செல்வி. எங்கள் பக்கத்தில் இப்போது நன்றாகப் பாடுகிற பெண். என்னை மாமா என்பாள். நான் கத்த ஆரம்பித்ததும் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிட்டாள்.

"மாமா, நீ கத்தாத. கத்துனா எவனாச்சும் செல்லுல புடிச்சுப் போட்டு, பெருசு இன்னாமா காண்டாவுது பாருன்னு சிரிப்பானுங்கோ. வூட்ல குந்தி எழுதிக் குடு. நான் படிக்கிறேன், மத்தவங்களும் படிக்கட்டும்."

அதனால் எழுதுகிறேன். படிப்பவர்கள் கோபத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதைக் கழித்துவிட்டு எழுதினால் மிச்சம் ஒன்றும் இருக்காது.

என் பெயர் பூபாலன். திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் பிறந்து அங்கேயே குப்பை கொட்டியவன். ராயபுரத்தில் ஒரு கல்யாண பேண்டு செட்டில் டீ வாங்கித் தரப் போய், சும்மா கிடந்த மாண்டலினைத் தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டேன். ஃபிடில் அதற்குப் பிறகு. இரண்டுக்கும் கம்பி கூட்டுவது ஒரே கணக்கு என்பதால் இடது கைக்குப் புதிதாகப் பாடம் கிடையாது. மாண்டலினில் கோடு இருக்கும், விரல் சரியாக விழும். ஃபிடிலில் கோடு கிடையாது, காதுதான் கோடு. வலது கைக்கு மட்டும் இரண்டு வருடம் பிடித்தது. அந்த இரண்டு வருடம் எங்கள் வீட்டுப் பக்கம் பூனைகூட வரவில்லை என்று என் அக்கா இப்போதும் சொல்லிக் கிண்டல் செய்கிறாள்.

மாண்டலின் கல்யாணத்துக்கு. வளைகாப்புக்கு, ஆடி மாதக் கூழ் ஊற்றுவதற்கு, ஏப்ரலில் அம்பேத்கர் பிறந்தநாள் மேடைக்கு. சின்னச் சின்னதாகப் பொரியும், கூட்டம் கை தட்டும். ஃபிடில் சாவுக்கு. ஏனென்றால் மாண்டலினால் ஒரு சத்தத்தை நிறுத்திப் பிடிக்க முடியாது, தட்டியதும் செத்துப்போகும். அழுகிறவர்கள் மூச்சை இழுத்துப் பிடிக்கிற நேரம் முழுக்கக் கூடவே நிற்க ஃபிடிலால்தான் முடியும். இது எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித் தராமலே தெரியும். வெள்ளைக்காரன் வாத்தியம் என்று யாரும் ஒதுக்கியதில்லை. துறைமுகத்தில் எது இறங்கினாலும் எங்களுடையதாக்கிக்கொள்வது எங்கள் பழக்கம்.

கடல் காற்றில் கம்பி நிற்காது. ஈரத்துக்கு வில்லு வழுக்கும். எண்ணூர் பக்கம் போனால் நிலக்கரித் தூள் ஃபிடிலில் கம்பியைத் தாங்குகிற குதிரை மேல் வந்து உட்காரும், ஊதி ஊதி வாசிக்க வேண்டும். மணலி புதுநகரில் காற்று திசை மாறினால் பாடுகிறவனுக்குத் தொண்டை கரகரக்கும். அவனுக்கு ஏற்ற மாதிரி நான் கம்பியைத் தளர்த்திக் கீழே இறக்கிக்கொள்வேன். எங்கள் ஃபிடில் மற்றவர்களுடையதைவிடக் கட்டைக் குரலில் பேசுவதற்கு அந்தத் தொழிற்சாலைகளும் ஒரு காரணம். ஆராய்ச்சி செய்கிறவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

சினிமாவுக்கும் ஒருதடவை போனேன். சாலிகிராமத்துப் பக்கம் ஒரு ஸ்டுடியோ. வடசென்னைக் கதை, அதற்கு வடசென்னை ஆள் வாசிக்க வேண்டும் என்று தேடிப் பிடித்துக் கூப்பிட்டார்கள். ஏசி அறையில் உட்கார வைத்துக் காதில் ஹெட்போன் மாட்டிவிட்டார்கள். வாசித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "நல்லா இருக்கு. ஆனா ரொம்ப சுத்தமா இருக்கு. கொஞ்சம் அபஸ்வரமா வாசிங்க, அப்பதான் லோக்கலா கேட்கும்" என்றார். கேலி செய்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை, நிஜமாகவே கேட்டார். எங்கள் ஊர் என்றால் சுருதி சேரக்கூடாது என்பது அவருடைய முடிவு. முயற்சி செய்துதான் பார்த்தேன், பொய் சொல்லவில்லை. விரல் போகமாட்டேன் என்றது. கடைசியில் நன்றாகப் படித்து வந்த ஒரு வயலின்காரரை வைத்துத் தப்பாக வாசிக்கச் சொன்னார்கள். அவர் வெகு அழகாகத் தப்பு செய்தார். நான் மின்சார ரயில் பிடித்து வீட்டுக்கு வந்து, எதிரில் வந்தவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன்.

இதெல்லாம் சில்லறை ஆத்திரம். கலைச்செல்விக்காக நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றைச் சொல்ல. அதற்கு முதலில் கஜா அண்ணனைச் சொல்ல வேண்டும்.

கஜேந்திரன் எங்கள் கானா செட்டின் தலைவர், பாட்டுக்காரர். பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில் வேலை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை இல்லாமல் சாவு வீட்டுக்கு வரமாட்டார். மைக்கை வாங்கியதும் கைக்குட்டையால் துடைப்பார். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. எல்லோரையும் நைனா, நைனா என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மட்டும் "சார்" என்பார். "சார், கொஞ்சம் தள்ளி உக்காருங்க சார்" என்று அவர் சொன்னால் டேப் என்கிற தோல் கருவியை அடிக்கிறவன் உடனே நகர்ந்து உட்காருவான்.

சாவு வீட்டில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. நாங்கள் எல்லோரும் தெருவில் சாமான்களை இறக்கிக்கொண்டிருக்கும்போது, அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவார். நேராக உடம்புக்குக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, வீட்டில் பேசக்கூடிய நிலைமையில் யார் இருக்கிறாரோ அவர் பக்கத்தில் குந்துவார். மூன்று கேள்வி கேட்பார். யார் யார் பெயரைச் சொல்ல வேண்டும்? யார் இன்னும் வந்து சேரவில்லை? யார் பெயரைச் சொல்லக் கூடாது? மூன்றாவது கேள்வியை மட்டும் காதோரமாகக் கேட்பார். எந்த வீட்டிலும் அதற்குப் பதில் இல்லாமல் இருந்ததில்லை.

பெயர் சொல்வது எங்கள் செட்டின் வழக்கம், மற்ற செட்டுகளில் இப்படி இல்லை. இறந்தவரைப் பற்றி அண்ணன் பாடிக்கொண்டே வருவார். பாடையைத் தூக்குவதற்கு முன், வாய்க்கரிசி போடும் நேரத்தில், ஒவ்வொரு உறவின் பெயரையும் பாட்டில் வைத்துக் கூப்பிடுவார். பெயர் வந்து விழுந்ததும் டேப் நின்றுவிடும். கட்டை, கிலுகிலுப்பை எல்லாம் நின்றுவிடும். ஃபிடில் மட்டும் அடிக் கம்பியிலிருந்து ஒரு இழுப்பு இழுத்து மேலே ஏறி, அங்கே நிற்கும். பெயர் சொல்லப்பட்டவர் கூட்டத்தில் எங்கே இருக்கிறாரோ அங்கிருந்து நடந்து வந்து, அரிசியைப் போடும்வரை நிற்க வேண்டும். வில்லின் நீளம் போதாது. அதனால் வில்லைத் திருப்ப வேண்டும், ஆனால் திருப்பினது காதுக்குத் தெரியக்கூடாது. கிழவர்கள் மெதுவாக வருவார்கள். பெண்கள் பாதி வழியில் விழுந்து அழுவார்கள். அதுவரைக்கும் சத்தம் அறுந்துபோகக் கூடாது. அரிசி விழுந்ததும் வில்லை எடுப்பேன், டேப் ஆரம்பிக்கும்.

அந்த இழுப்பு கேட்கும்போது யாரும் குறுக்கே நிற்கமாட்டார்கள். குடித்துவிட்டு ஆடுகிறவன்கூட ஒதுங்குவான். இப்படி ஒரு சட்டத்தை யாரும் போடவில்லை, பழக்கம்தான். ஆனால் அந்தப் பழக்கத்துக்கு ஒரு பலம் இருந்தது. யார் பெயர் கூப்பிடப்பட்டு யார் நடந்து வந்தாரோ அவர் அந்த வீட்டுக்கு உறவு. பிறகு சண்டை வந்தால், "அன்னிக்கு உன்னக் கூப்டாங்களா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பத்திரம் பட்டா இல்லாத இடங்களில் இந்தப் பேச்சுதான் பத்திரம்.

டிரெய்லர் மணி செத்தபோது நடந்ததைச் சொல்கிறேன். துறைமுகத்தில் கண்டெய்னர் வண்டி ஓட்டியவர். வியாசர்பாடியில் மனைவி சரோஜா, அதே தெருவில் மணியின் அண்ணன் டில்லிபாபு. வண்டி எண்ணூருக்கும் போகும் என்பதால் எண்ணூரில் இன்னொரு வீடு. அங்கே ஒரு பெண். இருபது வருடத்துக்குக் கிட்டே அவளோடும் குடித்தனம். முகத்துவாரத்தை ஒட்டிய பொறம்போக்கில் இரண்டு பேருமாகச் செங்கல் சுமந்து கட்டிய வீடு அது. வியாசர்பாடியில் எல்லோருக்கும் இது தெரியும். யாரும் பேசமாட்டார்கள். பேசினால் "எண்ணூர்க்காரி" என்பார்கள், அவ்வளவுதான். மணி செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. இரண்டு பெண்களையும் இப்படி நிற்க வைத்துவிட்டு அவர் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

கஜா அண்ணன் உள்ளே போய்க் குந்திக் கேட்டு வந்தார். டேப்காரனிடமும் என்னிடமும் வந்து, "எண்ணூரு கெடையாது" என்றார். மணியின் அண்ணன் டில்லிபாபு சொன்னதாம். நாங்களும் தலையாட்டினோம். இது புதிதில்லை. எத்தனையோ வீட்டில் ஓடிப்போன மகள் கிடையாது, வேறு சாதியில் கட்டிய மகன் கிடையாது. வீட்டுக்காரர்கள் சொன்னதைப் பாடுவதுதான் தொழில் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தவன்தான்.

காலையில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கஜா அண்ணன் பாட ஆரம்பித்தார்.

"ஊரெல்லாம் வண்டி ஓட்டி ஓய்ஞ்சவரு படுத்திருக்காரு,
தலமாட்டுல நிக்கிறவளே, சரோசாம்மா, நீ வாம்மா…"

டேப் நின்றது. நான் இழுத்தேன். சரோஜா எழுந்திருக்கவே முடியவில்லை. இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வில்லை நான்கு தடவை திருப்பியிருப்பேன். அரிசி விழுந்தது. அடுத்து டில்லிபாபு, அவர் மகன்கள், தங்கைகள், மச்சான்கள். ஒவ்வொருத்தராக.

எண்ணூரிலிருந்து வந்த அந்தம்மாவை அப்போதுதான் பார்த்தேன். தெருக்குழாய்க்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். வெயிலுக்குத் தலையில் முந்தானையைப் போட்டிருந்தாள். அதன் நுனியில் எதையோ முடிந்து கையில் இறுகப் பிடித்திருந்தாள். அரிசி. வேறென்ன இருக்கும்? அவளுக்கு முன்னால் டில்லிபாபு வீட்டுப் பெண்கள் நான்கைந்து பேர் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். அவள் வலது பக்கம் நகர்ந்தால் அவர்களும் நகர்ந்தார்கள். ஒவ்வொரு பெயர் வரும்போதும் அந்தம்மா கஜா அண்ணன் வாயையே பார்த்தாள். பெயர் வேறாக இருந்தால் கண்ணைக் கீழே போட்டுக்கொண்டு, அடுத்த பெயருக்கு மறுபடி நிமிர்ந்து பார்ப்பாள்.

கஜா அண்ணன் அவளைப் பார்த்தார். அது எனக்குத் தெரியும். பார்த்துவிட்டு மைக்கை மறுபடி கைக்குட்டையால் துடைத்தார். கடைசிப் பெயரையும் பாடி முடித்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்டால் முடிந்தது என்று அர்த்தம். பாடையைத் தூக்க நான்கு பேர் குனிந்தார்கள்.

எனக்கு அப்போது வந்தது இரக்கமில்லை. ஆத்திரம். இருபது வருடம் சோறு போட்டவளுக்கு ஒரு கைப்பிடி அரிசி போட வழியில்லையா? எவன் குடும்ப மானத்துக்காக நான் இங்கே உட்கார்ந்து வில்லைப் பிடித்திருக்கிறேன்?

பெயர் இல்லாமலே இழுத்தேன்.

டேப்காரன் அடுத்த அடிக்குக் கையை ஓங்கியிருந்தான், அந்தச் சத்தம் கேட்டதும் பழக்கத்தில் நிறுத்திவிட்டான். பாடைக்குக் குனிந்தவர்களும் பழக்கத்தில் நிமிர்ந்துவிட்டார்கள். யாரைக் கூப்பிட்டது என்று கூட்டம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. நான் அவளை மட்டும் பார்த்துக்கொண்டு மேல் சுரத்தில் நின்றேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு நெஞ்சில் கையை வைத்து, "நானா?" என்பது போலப் பார்த்தாள். நான் வில்லைத் திருப்பினேன்.

நடந்தாள். அந்தப் பெண்கள் விலகினார்கள். விலக வேண்டும் என்று நினைத்து விலகவில்லை, அந்தச் சத்தத்துக்கு அவர்கள் கால் தானாக விலகியது. எனக்கு இடது கை விரல் எரிந்தது. விட்டால் அவள் நடுத்தெருவில் நின்றுவிடுவாள் என்று தெரியும். உடம்புக்குப் பக்கத்தில் போனாள். தலைமாட்டில் சரோஜா உட்கார்ந்திருந்தாள். அண்ணாந்து பார்த்தாள். காலை மடக்கி இடம் விட்டாள். எண்ணூர் அம்மா முடிச்சை அவிழ்த்து, அரிசியைப் போட்டாள். நான் வில்லை எடுத்தேன்.

"ங்கோ…" என்று ஆரம்பித்து டில்லிபாபு என் மேல் பாய்ந்தார். கஜா அண்ணன் நடுவில் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்க நைனா. கை தவறிடுச்சு அவனுக்கு. இன்னாத்துக்கு இந்த நேரத்துல பேஜாரு? தூக்குங்க, தூக்குங்க."

பிறகு என்னிடம் குனிந்து, ரொம்ப மெதுவாக, "சார், அத்த கீழ வைங்க சார்" என்றார்.

என்னைச் செட்டிலிருந்து எடுக்கவில்லை. அடுத்த வாரம் கூப்பிட்டார். ஆனால் "கை தவறிச்சு, ஞாபகம் கீதுல்ல?" என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்தார். என்னைக் காப்பாற்றுவதாக அவர் நினைப்பு. நானும் வாயை மூடிக்கொண்டேன். உடம்பைத் தூக்கியாகிவிட்டது, அவளும் அரிசி போட்டுவிட்டாள், இனி என்ன என்று நினைத்தேன்.

இனிதான் எல்லாம் இருந்தது. சில நாட்களில் அந்தம்மா விசாரித்துக்கொண்டு காலடிப்பேட்டைக்கு என் வீட்டுக்கு வந்தாள். வாசற்படியிலேயே நின்றாள். என் மனைவி தண்ணீர் கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கேட்டாள்.

"நைனா, அன்னிக்கு நீ வாசிச்சது என்னியத்தானே?"

"ஆமாம்மா. உங்களத்தான்."

"அத்த வந்து சொல்லு நைனா. டில்லிபாபு ஆளுங்கள இட்டாந்து வூட்டப் பூட்டிகினு போயிட்டாரு. என் சாமான எல்லாம் வாசல்ல கீது. பக்கத்து வூட்ல படுத்துகினு கீறேன். நான் அந்த வூட்டு மனுசிதான்னு சொன்னா, உன்ன எவன் கூப்டான்னு கேக்குறாங்கோ. ஃபிடிலு கூப்ட்டுச்சுன்னேன். கை தவறினதுக்கெல்லாம் சொந்தம் கொண்டாடுவியான்னு சிரிக்கிறாங்கோ."

கை தவறியதாம். அவ்வளவு நேரம் அத்தனை தடவை வில்லைத் திருப்பி, அவள் ஒவ்வொரு அடிக்கும் கூட நின்றேன். இதற்குப் பெயர் கை தவறுதலாம்.

கருமாதி அன்று வியாசர்பாடியில் பந்தல் போட்டிருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் தெருப் பெரியவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அவர்களில் மூத்தவர் பொன்னுரங்கம், ரிட்டையர்டு ஃபயர்மேன், தெருவில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. டில்லிபாபு ஒரு பக்கம். அந்தம்மா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவளுக்கு யாரும் நாற்காலி போடவில்லை. சரோஜா வீட்டு வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கஜா அண்ணனை முதலில் கேட்டார்கள். வெள்ளைச் சட்டையில் எழுந்து நின்றார்.

"நம்ம பூபாலனுக்கு அன்னிக்கு உடம்பு சரியில்ல. தெரியாம இழுத்துட்டான். நான் யாரு பேரும் சொல்லல. பேரு சொல்லாம எங்க செட்டுல யாரையும் கூப்ட்டது கெடையாது" என்றார்.

அவர் சொன்னதில் பெயர் சொல்லாதது மட்டும்தான் உண்மை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நல்ல மனிதர். பிச்சைக்காரன் செத்தால்கூட வந்து பாடிவிட்டுப் போவார். அப்படிப்பட்டவர் ஒரு பெண்ணைத் தெருவில் நிறுத்துவதற்கு இவ்வளவு பணிவாகப் பொய் சொல்ல முடிகிறதே என்று எனக்கு வயிறு எரிந்தது. கெட்டவன் சொல்லியிருந்தால் இவ்வளவு எரிந்திருக்காது.

"கை தவறல" என்றேன்.

"சார், உக்காருங்க சார்" என்றார் அண்ணன்.

"உக்கார மாட்டேண்ணே. கை தவறல. உங்க வாய்தான் கூப்டல. நான் கூப்ட்டேன். அந்தம்மாவத்தான் கூப்ட்டேன். வந்து அரிசி போட்ற வரைக்கும் நிப்பாட்டல. இங்க கீற அல்லாரும் கேட்டாங்க, அல்லாரும் வழி உட்டாங்க. தப்பான சத்தமா இருந்தா இன்னாத்துக்கு வழி உட்டீங்கோ?"

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. ஒரு அம்மா, "ஆமா, நாங்கூட நவுந்தேன்" என்றாள். டில்லிபாபு திரும்பி முறைத்ததும் அடங்கிவிட்டாள்.

பொன்னுரங்கம் பெரியவர் கையை உயர்த்தினார். "தம்பி, ஃபிடிலு பொதுவா கத்தும். கூப்ட்றதுன்னா ஒரு ஆளுக்கு. ஆளுன்னா ஒரு பேரு வேணும். நீ யாரக் கூப்ட்ட? பேரச் சொல்லு."

வாயைத் திறந்தேன். எனக்கு அந்தப் பெயர் தெரியாது. என் வீட்டு வாசலில் நின்று தண்ணீர் குடித்துவிட்டுப் போனவளிடம் கேட்கத் தோன்றவில்லை. டில்லிபாபு சிரித்தார். "பேரே தெரியாதாம். இவுரு கூப்ட்டாராம்."

அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் பொறி தட்டியது.

"சரி, எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?" என்று டில்லிபாபுவிடம் கேட்டேன். "அன்னிக்கு அண்ணங்கிட்ட ஒரு பேரு சொல்லக் கூடாதுன்னு சொன்னீங்களே. எந்தப் பேர சொல்லக் கூடாதுன்னு சொன்னீங்கோ?"

அவர் சிரிப்பு நின்றது. "எண்ணூர்க்காரின்னு…"

"அது ஊரு. பேரு?"

அவருக்குத் தெரியவில்லை. கஜா அண்ணனைப் பார்த்தேன். அவர் கைக்குட்டையை எடுத்து, மைக் இல்லாததால் வெறும் கையைத் துடைத்தார். பெரியவரைப் பார்த்தேன். அவர் பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்தார். இருபது வருடமாக ஒரு தெரு முழுக்க மென்று துப்பிய பெண். ஒரு ஆளுக்குப் பெயர் தெரியவில்லை. எல்லோரும் சேர்ந்து மறைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மறைப்பதற்காவது ஒருத்தன் கேட்டு வைத்துக்கொண்டிருக்க வேண்டாமா? எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு அசிங்கமாக இருந்தது, என்னையும் சேர்த்துத்தான்.

பந்தல் கால் பக்கம் திரும்பினேன். "யம்மா, உங்க பேரு இன்னா?"

அவள் உடனே சொல்லவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பந்தல் காலிலிருந்து கையை எடுத்துவிட்டு, நேராக நின்றாள்.

"பவுனம்மா" என்றாள். "என் அப்பாரு எண்ணூரு கோவிந்தன். உப்பளத்துல வேல செஞ்சாரு. என் பேரு பவுனம்மா."

வாசலில் உட்கார்ந்திருந்த சரோஜா தரையில் கையூன்றி எழுந்தாள். அவள் அந்தம்மாவை அடிக்கப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். பந்தலுக்குள் வந்து பவுனம்மா முன்னால் நின்றாள்.

"இத்தினி வருசமா உன்ன எண்ணூர்க்காரி, எண்ணூர்க்காரின்னே திட்டிகினு இருந்தேன். பேரு தெரிஞ்சிருந்தா பேரச் சொல்லித் திட்டியிருப்பேன்" என்றாள்.

பிறகு புருஷனுக்கு அண்ணன் என்றும் பார்க்காமல் டில்லிபாபு பக்கம் கையை நீட்டினாள்.

"என் புருசன் கட்டுன வூட்ட என்னியக் கேக்காம எப்டி பூட்டுன? எடு. பவுனம்மா வூட்டுச் சாவிய எடு."